"வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது" என்ற பொய்ச் செய்தி: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர் கோளாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

2023-இல் பல நாடுகளில் டெஸ்க்டாப் கணினிகளில் ஒரே மாதிரியான பிழை தலைகாட்டத் தொடங்கியது. அன்ரியல் எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உருவான ஒரு கேமைத் திறந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே "வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது" என்ற செய்தியோடு அது மூடிக்கொள்ளும். இந்தச் செய்தி வந்த கணினிகளில் பல, 24 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு போட்டவை. அந்த கேம்களுக்கு அதில் பாதி மெமரிகூடத் தேவைப்படாது.

செய்தி கிராஃபிக்ஸ் கார்டைச் சொன்னதால் எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டையே சந்தேகப்பட்டார்கள். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள். விண்டோஸை ஃபார்மேட் செய்தார்கள். ரேமை மாற்றினார்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார்கள், சிலர் கார்டையே வாரண்டியில் அனுப்பி வேறு வாங்கினார்கள். புதுக் கார்டிலும் அதே செய்தி வந்தது. கோளாறு இருந்த இடம் பிராசஸர். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில், பயன்படுத்தப் பயன்படுத்த, உள்ளே ஒரு பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. மூலகாரணத்தை இன்டெல் முழுமையாக வெளியிட 2024 செப்டம்பர் ஆயிற்று.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. அந்தச் சிப்புகள் இன்னும் ஏராளமான கணினிகளில் ஓடுகின்றன, செகண்ட் ஹேண்டாகக் கைமாறுகின்றன. இந்தச் சிப்புகள் பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட் மதர்போர்டு வைத்திருந்து, பிராசஸரை மட்டும் மாற்றி வேகம் கூட்ட நினைக்கும் பலரும் இந்தச் சிப்புகளில் ஒன்றைத்தான் தேடிப் போகிறார்கள்.

பிழைச்செய்தி ஏன் தவறான இடத்தைக் காட்டியது

கேம் முதன்முறை திறக்கும்போது ஷேடர்களைத் தயார் செய்யும். திரையில் ஒளி, நிழல், நிறம் எப்படி வரவேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்கள் அவை. வட்டில் இவை சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். அந்தச் சுருக்கத்தைப் பிரிப்பது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை இல்லை, பிராசஸரின் வேலை. பிரித்த பிறகு டிரைவர் அவற்றைக் கார்டுக்கு ஏற்றபடி கம்பைல் செய்யும். அதையும் பிராசஸர்தான் செய்கிறது, அதுவும் தனக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றையும் ஒருசேர ஓடவிட்டு.

சுருக்கத்தைப் பிரிக்கும் வேலையில் ஒரு பிட் தவறினாலும் அடுத்து வருவதெல்லாம் குப்பையாகிவிடும். திரையில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே தவறினால் உடனே சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும். சில கேம்கள் "ஷேடரைப் பிரிக்க முடியவில்லை" என்று உள்ளதைச் சொல்லின. வேறு சிலவற்றில் பிழை டிரைவர் வரை போய், அங்கே ஒரு கோரிக்கை தோல்வியடைந்து, கேம் எஞ்சின் அந்தத் தோல்விக்குத் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தை எழுதியது: மெமரி இல்லை.

இதைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்தவர்கள், அந்தச் சுருக்க மென்பொருளான ஊடிலை உருவாக்கிய ராட் கேம் டூல்ஸ் குழுவினர். தங்கள் மென்பொருள்மீது புகார் குவிந்ததால் அவர்கள் ஆராய்ந்தார்கள். மென்பொருளில் பிழை இல்லை, ஐ9-13900கே, ஐ9-14900கே போன்ற சிப்புகளில் வன்பொருள் தடுமாறுகிறது என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். பி-கோர்களின் (சிப்பில் உள்ள வேகமான, பெரிய கோர்கள்) பெருக்க எண்ணை 55-இலிருந்து 53-ஆகக் குறைத்துப் பாருங்கள் என்று ஒரு வழியும் சொன்னார்கள். அதாவது 5.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதை 5.3-க்கு இறக்குவது. பலருக்கு அதோடு கேம் ஓடியது. இந்த ஒரு சோதனையே கிராஃபிக்ஸ் கார்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது. பிராசஸரின் வேகத்தைக் குறைத்தால் வீடியோ மெமரி எப்படிக் கூடும்?

மதர்போர்டு மீது விழுந்த பழி

2024 ஏப்ரலில் தென்கொரியாவில் டெக்கன் 8 என்ற கேமை விளையாடுபவர்கள் பிராசஸர்களைக் கொத்தாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய செய்தி வெளியானது. அதே மாதம் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவும், இப்படிப்பட்ட மெமரிப் பிழை வந்தால் இன்டெல்லை அணுகுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தச் சமயத்தில் இன்டெல்லும் விசாரிப்பதாக வாய் திறந்தது.

முதலில் பழி மதர்போர்டு நிறுவனங்கள்மேல் விழுந்தது. அதில் உண்மையும் உண்டு. 13900கே-க்கு இன்டெல் குறித்த உச்சபட்ச டர்போ மின்சக்தி 253 வாட். பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அதை 4096 வாட் என்று வைத்திருந்தன. கரண்ட் வரம்பு 307 ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் 511 ஆம்பியருக்கு மேல் இருந்தது. வரம்பே இல்லை என்பதுதான் இந்த எண்களுக்கு அர்த்தம். சிப்பைக் காக்கும் சில பாதுகாப்பு அமைப்புகளும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. விமர்சனச் சோதனைகளில் பக்கத்துக் கம்பெனி போர்டைவிட இரண்டு புள்ளி கூட எடுக்கவேண்டும் என்பதற்காக, வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது இது. 'டீஃபால்ட்' என்று எழுதியிருந்தால் அது பாதுகாப்பானது என்றுதான் எவரும் நம்புவார். அந்த நம்பிக்கையை இப்படிப் பயன்படுத்தியது பெரிய தவறு. இன்டெல்லும் அதைத் தடுக்கவில்லை.

மதர்போர்டு நிறுவனங்கள் 'பேஸ்லைன்' என்ற பெயரில் அவசரமாகப் புது பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) வெளியிட்டன. ஒவ்வொரு நிறுவனத்தின் பேஸ்லைனும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அதெல்லாம் நாங்கள் சொன்ன அளவு இல்லை, 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்ற அமைப்பையே பயன்படுத்துங்கள் என்று மே மாதம் இன்டெல் விளக்கவேண்டி வந்தது.

ஆனால் மதர்போர்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதற்கு ஜூலையில் வலுவான சான்று வந்தது. லெவல்1டெக்ஸ் என்ற யூடியூப் சேனலை நடத்தும் வெண்டெல், கேம் நிறுவனங்களின் கிராஷ் பதிவுகளையும் கேம் சர்வர்களில் நடப்பதையும் எடுத்துப் பார்த்தார். அந்த சர்வர்களில் இருந்தவை டபிள்யூ680 சிப்செட் போர்டுகள். குறித்த வேகத்தைத் தாண்டி ஓடவிடும் ஓவர்கிளாக் வேலையே அவற்றில் கிடையாது, மின் அமைப்புகளும் அடக்கமாகவே இருக்கும். அங்கேயும் இந்தச் சிப்புகள் செத்துக்கொண்டிருந்தன. பாத் ஆஃப் டைட்டன்ஸ் கேமை உருவாக்கும் ஆல்டரான் கேம்ஸ், தங்கள் சோதனையில் ஏறக்குறைய எல்லாச் சிப்புகளுமே நாளடைவில் பழுதானதாகச் சொல்லி, சர்வர்களை ஏஎம்டிக்கு மாற்றியது.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் திருப்பம்தான். தனி ஒருவர் தன் ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவர் பார்வையில் அது எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கலாம், ரேமாக இருக்கலாம், தூசியாகக்கூட இருக்கலாம். நிறைய கணினிகளின் பதிவுகளை அருகருகே வைத்தபோதுதான், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒரே பாகம் கண்ணில் பட்டது.

சிப்புக்குள் நடந்தது

ஒவ்வொரு சிப்பும் தொழிற்சாலையில் சோதிக்கப்படும்போது, எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்ற கணக்கு அதற்குள்ளேயே பதியப்படும். ஓடும்போது சிப் அந்தக் கணக்குப்படி மதர்போர்டின் விஆர்எம் பகுதியிடம் வோல்டேஜ் கேட்கும், விஆர்எம் கொடுக்கும். ஒரு வேகத்தில் தவறில்லாமல் ஓடத் தேவையான மிகக் குறைந்த வோல்டேஜை விமின் என்பார்கள். புதுச் சிப்பில் கிடைக்கும் வோல்டேஜுக்கும் விமினுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள்.

இந்தச் சிப்புகளில் அந்த இடைவெளி கரைந்தது. கோர்களுக்குள் வேலைகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்படையும்படி இருந்தது. மூப்படைந்ததும் துடிப்பின் ஏற்ற இறக்க நேர விகிதம் பிசகியது. அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டது. சிப்பில் பதிந்திருக்கும் கணக்கோ பழையது. அது பழைய அளவையே கேட்டது, அது போதவில்லை, சிப் செய்யும் வேலையில் பிழை வந்தது. வேகத்தை 5.3-க்குக் குறைத்தால் ஏன் சரியானது என்பதும் இதிலேயே விளங்கும். குறைந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் இன்னும் போதுமானதாக இருந்தது.

இன்டெல் 2024 செப்டம்பரில் வெளியிட்ட விளக்கம் இந்த மூப்புக்கு நான்கு வழிகளைச் சொன்னது. ஒன்று, மதர்போர்டின் வரம்பு மீறிய மின் அமைப்பு. இரண்டாவது, ஐ9 சிப்புகள் சூடாக இருக்கும்போதும் உச்ச வேகத்தில் நிற்கவிட்ட மைக்ரோகோட் (சிப்பின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் சிறு நிரல்) தவறு. இதை ஜூன் மாதம் வந்த 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோட் பதிப்பு சரிசெய்தது. மூன்றாவது, சிப்பே தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜை அடிக்கடி, நீண்ட நேரம் கேட்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 இந்தக் கோரிக்கைக்கு 1.55 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. நான்காவது, கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலை செய்யும்போதும் கோர்களுக்கு உயர்ந்த வோல்டேஜ் கேட்கப்பட்டது. இதற்கு வந்தது 0எக்ஸ்12பி. முந்தைய இரண்டும் அதற்குள் அடக்கம். 2025 மே மாதம், நாள்கணக்கில் நிறுத்தாமல் லேசான வேலையில் ஓடும் கணினிகளை மனதில் வைத்து 0எக்ஸ்12எஃப் வந்தது.

நான்காவது காரணத்தைப் பலர் சரியாக உள்வாங்குவதில்லை. கணினியைக் கசக்கிப் பிழிந்தால்தான் சிப் கெடும் என்று நினைக்கிறோம். எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது மின்சக்தி வரம்பு வந்து வேகத்தை இறக்கிவிடும், வோல்டேஜும் இறங்கும். ஒன்றிரண்டு கோர் மட்டும் துள்ளி எழும் நேரத்தில்தான், அதாவது பிரௌசர் திறந்து நாலு பக்கம் படிக்கும் மாதிரி வேலையில்தான், 14900கே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். வோல்டேஜ் உச்சம் தொடுவதும் அப்போதுதான். "நான் கேம் விளையாடுவதில்லை, எனக்கு வராது" என்று இருந்துவிட முடியாது.

இதோடு இன்னொரு பிரச்சினையும் குழம்பிக் கிடக்கிறது. 13ஆம் தலைமுறையின் தொடக்கக் காலச் சிப்புகள் சிலவற்றில், உள்ளே அடுக்குகளை இணைக்கும் நுண்ணிய இணைப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தன. அது உற்பத்திக் குறை, மேலே சொன்ன வோல்டேஜ் பிரச்சினை வேறு. 2022 இறுதியிலேயே அதைக் கண்டுபிடித்ததாக இன்டெல் சொன்னது. ஆனால் பொதுமக்களுக்குச் சொன்னது 2024 ஜூலையில், வெளியார் ஒருவர் அதைக் கிளப்பிய பிறகு. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சிப்பை வாங்கியவர்களுக்கு இது நியாயமே இல்லை.

உங்கள் கணினியில் இதுதானா என்று பார்ப்பது

முதலில், உங்கள் சிப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இன்டெல் வாரண்டியை நீட்டித்த சிப்புகளின் பட்டியலில் இருப்பவை 13, 14ஆம் தலைமுறையின் பெரும்பாலான ஐ9-கள், ஐ7-கள், அப்புறம் ஐ5-13600கே, 14600கே, அவற்றின் கேஎஃப் வகைகள். பெயரில் 'கே' இல்லாத 13700, 14900 போன்றவையும் உண்டு. 13400, 14400, ஐ3-கள் இல்லை. 12ஆம் தலைமுறைக்கும், லேப்டாப் சிப்புகளுக்கும், பின்னால் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்று இன்டெல் சொல்லியிருக்கிறது.

அறிகுறிகள் கேமோடு நிற்பதில்லை. பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது கோப்பு சிதைந்திருப்பதாகச் சொல்லும் சிஆர்சி பிழை வரும், அதே கோப்பு வேறு கணினியில் ஒழுங்காகப் பிரியும். என்விடியா டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது பாதியில் தோற்கும். பிரௌசர் டேப்கள் காரணமில்லாமல் விழும். நீலத்திரை வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற தலைப்பின்கீழ் பிராசஸரின் 'இன்டர்னல் பாரிட்டி எரர்' பதிவாகியிருந்தால் சந்தேகம் நன்றாகவே வலுக்கிறது.

ஆனாலும் நேராகப் பிராசஸர்மேல் பாயக்கூடாது. ரேம் கோளாறும் இதே முகத்தோடு வரும். பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். அது சுத்தமாக வந்தால், பயாஸை இன்டெல் டீஃபால்ட் அமைப்புக்குக் கொண்டுவந்து, பெரிய கோப்பு ஒன்றை 7-ஜிப்பில் திரும்பத் திரும்பப் பிரித்துப் பாருங்கள். பிழை வந்தால் பி-கோர் பெருக்க எண்ணை இரண்டு படி இறக்கி அதே சோதனையைச் செய்யுங்கள். இறக்கினால் சரியாகிறது, ஏற்றினால் திரும்ப வருகிறது என்றால் பிராசஸர்தான். கையருகே அதே சாக்கெட்டில் வேறொரு சிப் கிடைத்தால், ஒரு 12ஆம் தலைமுறை ஐ3 ஆனாலும் சரி, மாற்றிப் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை.

பிராசஸரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடிவிட்டது என்பதை வைத்துச் சிப் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் இறங்கிவிடுவதால், தேய்ந்த சிப்பும் அதில் தேறிவிடும். செகண்ட் ஹேண்ட் விற்பவர்கள் காட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சோதனையைத்தான்.

தேய்மானம் திரும்பாது. புது மைக்ரோகோட் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்ததை மீட்டுத் தராது. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நோயைக் கண்டுபிடிக்க நல்ல வழி, மருந்தாக வைத்துக்கொள்ளக் கூடாது. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினாலும் தற்காலிகமாக நிற்கும், ஆனால் அதே வோல்டேஜ்தான் சிப்பை அரித்தது. பிழை உறுதியானால் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

எல்ஜிஏ1700 போர்டில் பிராசஸரை மட்டும் மாற்றுபவர்களுக்கு

ஐ5-12400, பி660 போர்டு என்று 2022-இல் அசெம்பிள் செய்தவர்கள் நிறைய. அவர்களுக்கு 14600கே, 14700 போன்றவை அதே சாக்கெட்டில் அப்படியே உட்காரும். அடுத்த தலைமுறை எல்ஜிஏ1851-க்குப் போய்விட்டதால், இந்த போர்டில் மேலே போகக் கடைசிப் படி இதுதான்.

பழைய சிப் சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸ் புதுச் சிப்பை அடையாளம் காணாமல் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மைக்ரோகோட் சிப்பில் நிரந்தரமாக எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் பயாஸ்தான் அதை ஏற்றுகிறது. பழைய பயாஸில் புதுச் சிப்பைப் போட்டால் முதல் நாளிலிருந்தே அது பழைய, கூடுதலான வோல்டேஜில் ஓடும். கடையில் அசெம்பிள் செய்யக் கொடுப்பவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

புதுப்பிக்கும் முன் போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருக்கும். கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் எடுத்துவைத்து, தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். பயாஸ் மாறினாலும் பிராசஸர் மாறினாலும் அது சாவி கேட்கலாம், அந்த நேரத்தில் சாவி இல்லாவிட்டால் வட்டில் உள்ளது எல்லாம் பூட்டிக்கொள்ளும். முடிந்ததும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மைக்ரோகோட் எண் 12பி அல்லது 12எஃப் என்று வருகிறதா பாருங்கள். பயாஸில் இன்டெல் டீஃபால்ட் அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்எம்பியை இதெல்லாம் ஓடி நிலைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மலிவான ஹெச்610 போர்டில் ஐ7, ஐ9 போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விஆர்எம் சூடாகி வேகம் இறங்கிவிடும், கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்காது. விலை பொருந்தி வந்தால் 12700கே-யும் நல்ல தேர்வு. எட்டு பி-கோர் இருக்கிறது, இந்தத் தொல்லை இல்லை.

செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே வாங்குவதாக இருந்தால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டியை இன்டெல் 2024 ஆகஸ்டில் இரண்டாண்டு நீட்டியது. தனிப்பெட்டியில் வாங்கிய சிப்புக்கு மொத்தம் ஐந்தாண்டு, அது முதலில் வாங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. பிராண்டட் கணினியோடு வந்த சிப் என்றால் அந்தக் கணினி நிறுவனத்திடம் கேட்கவேண்டும். 13900கே விற்பனைக்கு வந்தது 2022 அக்டோபர் 20. முதல் வாரத்தில் வாங்கியவர்களுக்கு அந்த ஐந்தாண்டு 2027 அக்டோபரில் முடிகிறது. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அதற்குமுன் சோதித்து, பிழைச்செய்திகளைப் படமெடுத்து வைத்து, கோரிக்கையை அனுப்பிவிடுங்கள்.